ஒத்தக்கல்லில் வெடிக்காத குழி

போன மாதம் என் தம்பி மகன் காட்டில் கிணற்றை ஆழப்படுத்த கம்ப்ரசர் வண்டி வந்தது. நாங்கள் ஒரு வாரம் சம்மட்டி அடித்துப் போடுகிற குழிகளை அந்த வண்டி மத்தியானச் சோற்றுக்குள் போட்டு முடித்துவிட்டது. ஒயரை இழுத்துக்கொண்டு போய் மேட்டுக்கு அப்பால் நின்று பேட்டரியில் தொட்டார்கள். எல்லாக் குழியும் ஒன்றாக வெடித்தது. எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. நல்ல ஏற்பாடு. இது முன்பே வந்திருந்தால் எங்கள் ஆட்களில் சிலர் இன்றும் இருந்திருப்பார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது வெடி வைத்த முருகேசன் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க பெரியப்பா, திரி பத்த வெக்கிற காலத்துல ஒரு குழி வெடிக்காம நின்னுபோச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

அன்றைக்கு யாரும் கிட்டப் போகமாட்டோம், மறுநாள் பக்கத்தில் இன்னொரு குழி போட்டு, அது வெடிக்கும்போது இதையும் சேர்த்துக் கிளப்பிவிடுவோம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சரியான பதில்தான். ஓடி ஒதுங்க இடம் இருக்கிற எல்லாக் கிணற்றுக்கும் சரியான பதில். ஒதுங்க இடமே இல்லாத ஓரிடத்தில் நான் ஒருமுறை அதைச் செய்ய வேண்டி வந்தது. கடலுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் ஒரு பாறையின் உச்சி அது. முருகேசனிடம் அதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

என் பெயர் செங்கோடன். ஊர் சங்ககிரிக்குத் தெற்கே. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கல்வேலைதான். மீசை முளைக்கும் முன்பே கிணற்றில் இறங்கினேன். முதலில் கூடை தூக்கினேன், பிறகு குழி போடுகிற கம்பியைப் பிடித்தேன், பிறகு சம்மட்டி அடித்தேன், கடைசியில் குழியில் வெடிமருந்து கட்டினேன். என் அக்காவைக் கட்டிய கருப்பண்ணன் மச்சானும் நானும் ஒரு ஜோடி. எடப்பாடியிலிருந்து வாழப்பாடி வரை, எந்த ஊரில் பாறை தட்டிக் கிணறு நின்றுபோனாலும் எங்களைத் தேடி ஆள் வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பருத்திக்கும் கடலைக்கும் விலை இல்லாமல் போனது. கிணறு வெட்டுகிற குடியானவர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சமயத்தில் சங்ககிரி ஸ்டேஷனுக்கு ஒரு காண்டிராக்டரின் ஆள் வந்து இறங்கினார். மங்களூர்ப் பக்கம் கடலுக்குள் ஒரு பாறை இருக்கிறது, இருட்டில் கப்பல்கள் அதில் மோதாமல் இருக்க அதன் உச்சியில் தானாக எரிகிற விளக்கு ஒன்று நிறுத்தப் போகிறார்கள், விளக்கு மேடைக்கு உச்சியைச் சமமாக வெட்டித் தரவேண்டும் என்றார். பெரிய வெடி வைத்தால் பாறையே விரிந்துபோகும். இறுக்கமான இடத்தில் அளவாக வைத்துப் பழகிய கிணற்று ஆட்கள்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. வேலை மழைக்காலத்துக்கு முன் முடியவேண்டும். நாங்கள் ஆறு பேர் ரயிலேறினோம். எங்களில் ஒருவரும் அதற்குமுன் கடலைப் பார்த்ததில்லை.

மங்களூரிலிருந்து பாய்மரப் பத்தேமாரியில் ஒரு பகல் முழுவதும் போனோம். எனக்கு வாந்தி நிற்கவே இல்லை. சாயங்காலம் மச்சான் என் தோளைத் தட்டி முன்னால் பார்க்கச் சொன்னார். சங்ககிரி மலையின் ஒரு முனையைப் பிய்த்துத் தண்ணீரில் நட்டுவைத்ததுபோல் அது நின்றது. மூன்று பக்கம் சுவர்மாதிரி செங்குத்து. கிழக்குப் பக்கம் மட்டும் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுமேலே நாலு பேர் நிற்கலாம் என்கிற அளவுக்கு ஒரு படி. அங்கிருந்து உச்சிக்குக் கயிற்று ஏணி. கரையோர ஜனங்கள் அதற்கு என்னவோ பெயர் சொன்னார்கள். எங்களுக்கு வாயில் நுழையவில்லை. ஒத்தக்கல்லு என்று நாங்களே பெயர் வைத்தோம்.

அதைச் சுற்றி வேறு தீவுகளும் உண்டு. ஒன்று பெரியது. தென்னையும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்ததால் குடிசை போட்டு அங்கே தங்கினோம். இன்னொன்று தாழ்வான மேடு, முழுவதும் கடல்பறவைகள். பெரிய தீவிலிருந்து ஒத்தக்கல்லுக்குத் தினமும் ஒரு தோணியில் போய்வருவோம். வெடி வைக்கும்போது தோணி பறவைத் தீவின் மறைவுக்குப் போய் நின்றுகொள்ளும். தோணியைச் செலுத்தியவர் மொய்து. தண்டல் என்று கூப்பிடுவோம். மலையாளம்தான் பேசுவார். வேலைக்கு வேண்டிய அளவு நாங்களும் சீக்கிரமே புரிந்துகொண்டோம்.

எங்களுக்கு மேல் இருந்தவர் ஓவர்சியர் சதாசிவ பட். நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பிக்குப் பதில் ஒரு துண்டு. கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் தெரியும். அவரைப்பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பிறகு எத்தனையோ மேஸ்திரிகளிடமும் இன்ஜினியர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அவர் மாதிரி ஒருவரை மறுபடி பார்க்கவில்லை.

தினமும் காலையில் திரிச்சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தரையில் வைத்துப் பற்றவைப்பார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அது எரிந்து முடியும்வரை குந்தியிருப்பார். கடற்காற்றில் திரி ஈரம் குடித்து ஒருநாள் வேகமாக எரியும், ஒருநாள் மெதுவாக எரியும். அன்றைய வேகம் தெரிந்த பிறகுதான் அன்றைய திரியை வெட்டவிடுவார். எந்த உத்தரவு கொடுத்தாலும் அதை அந்த ஆள் திருப்பிச் சொல்லவேண்டும். "செங்கோடா, நான் என்ன சொன்னேன்?" என்பார். சொன்னால்தான் நகர்வார். முதல் வாரம் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்வதுபோல் இருக்கிறது என்று மச்சான் முணுமுணுத்தார். ஒரு வெயில்நாளில் எங்களில் ஒருவன் மரக்கோலுக்குப் பதிலாக இரும்புக் கம்பியை எடுத்து மருந்துக்குமேல் மண் இடிக்கப் போனான். இரும்பில் ஒரு பொறி தட்டினால் குழி அங்கேயே வெடித்துவிடும். ஓவர்சியர் திட்டவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தார். அவனாகவே தான் செய்யவிருந்ததை வாய்விட்டுச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வெடிச் சத்தம் கேட்கக் கேட்க ஒவ்வொரு விரலாக மடக்குவார். மச்சானும் தோணியில் இருந்தபடியே தனியாக எண்ணுவார். இரண்டு பேர் கணக்கும் குழிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனால்தான் யாரும் மறுபடி பாறைக்குப் போகலாம். அவ்வளவு நாளும் ஒத்துப்போனது.

வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கடைசிச் சுற்று, மேடையின் மேற்கு ஓரம் மட்டும் பாக்கி. அந்த ஓரத்தில் நடுக் குழியை நான்தான் போட்டேன், நான்தான் மருந்து கட்டினேன். பாறையில் ஒரு நெளிவு இருந்ததால் அந்தக் குழியைச் சாய்வாக இறக்கியிருந்தேன். வெடித்தபோது ஓவர்சியரின் விரல் ஒன்று மடங்காமல் நின்றது. மச்சானின் கணக்கிலும் ஒன்று குறைந்தது. தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் நடுவில் பாறை அப்படியே நிற்பது தெரிந்தது. திரிமுனையில் மாட்டுகிற வெடிக் கேப்பில் தண்ணீர் புகுந்ததா, திரி வழியில் அணைந்ததா, எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு யாரும் ஏறக்கூடாது என்று திரும்பிவிட்டோம். மறுநாள் போகலாம் என்று பார்த்தால் தென்மேற்கிலிருந்து அலை எழும்ப ஆரம்பித்திருந்தது. பருவமழை வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஏறுகிற படிமேல் வெள்ளையாகத் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது. தோணி கிட்டவே போகமுடியவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கரைக்குப் போகவேண்டிய பத்தேமாரி பெரிய தீவின் மறைவில் எங்களுக்காக நங்கூரம் போட்டு நின்றது. நாளைக்குள் கிளம்பாவிட்டால் மழை முடியும்வரை இங்கேயே கிடக்கவேண்டியதுதான் என்று தண்டல் சொல்லிவிட்டார். அவ்வளவு நாளைக்கு எங்களிடம் அரிசி கிடையாது.

அப்படியே விட்டுவிட்டுப் போய், மழை நின்றபிறகு வந்து பார்த்துக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். தண்டல்தான் விளக்கினார். மழை ஓய்ந்து கடல் அடங்கியதும் அந்தப் பாறைக்கு முதலில் வருவது கல்லுமக்காய் எடுக்கிறவர்கள். பாறையில் ஒட்டியிருக்கிற அந்தச் சிப்பிகளை இரும்பு உளி வைத்துக் குத்தி எடுப்பார்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்து மேலேயும் ஏறிப் பறவை முட்டை தேடுவார்கள். சர்க்கார் ஆட்கள் வருகிறவரை காத்திருக்கமாட்டார்கள். தண்டலின் சொந்தக்காரர்களே அதில் உண்டு. சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போகலாமா என்று ஓவர்சியர் கேட்டார். ஒரு மழைக்கு நிற்குமா என்று தண்டல் திருப்பிக் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் அலை சற்றுத் தணிந்திருந்தது. ஓவர்சியர் எங்களைக் கூட்டி நிறுத்தி, தானும் இன்னொரு ஆளும் மட்டும் பாறைக்குப் போவதாகச் சொன்னார். பக்கத்தில் ஒரு குழி போட்டு வெடித்துவிட்டு அப்படியே பத்தேமாரி ஏறிவிடலாம். மச்சான் சம்மட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். எங்களில் அவர்தான் மூத்த கை. அவர் போவதுதான் முறை.

"கருப்பண்ணா, நீ வேண்டாம். செங்கோடன் வரட்டும்" என்றார் ஓவர்சியர். "அந்தக் குழி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். இதில் ஒரு விரற்கடை தப்பினாலும் கம்பி நேரே மருந்தில் போய் இறங்கும்."

"அவஞ் சொன்னா நான் அடிக்கமாட்டனுங்களா?" என்றார் மச்சான். ஓவர்சியர் கம்பிகளை என் பக்கம் தள்ளினார். என் அக்கா அப்போது நிறைமாதம். அது அவருக்குத் தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மச்சான் என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லு மாப்ளே. நான் போறேன்னு சொல்லு." நான் குனிந்து கம்பிகளைக் கட்டினேன். அதற்குப்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தோணியில் கயிறு பிடிக்கிற வேலையை ஓவர்சியர் அவருக்குக் கொடுத்தார். திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். தோணி பாறைக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் நிற்கவேண்டும். அலை பெரிதானால் சிவப்புத் துணியை வீசவேண்டும். துணி தெரிந்ததும் நாங்கள் இறங்கிவிடுவோம்.

அலை தோணியைத் தூக்கும் நேரம் பார்த்துப் படியில் தாவினோம். சாமான்களைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டோம். உச்சியில் அந்த மேற்கு ஓரம் மட்டும் மொட்டையாக நின்றது. நடுவில் என் குழியின் வாய். அதற்குள்ளிருந்து கருகின திரிமுனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் மண்டியிட்டு, கையை நீட்டி அதன் சாய்வைக் காற்றில் காட்டினேன். அதிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, அதே சாய்வில் கரித்துண்டால் அடையாளம் போட்டேன். ஓவர்சியர் இரண்டுதரம் முழம் போட்டுப் பார்த்தார். பிறகு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கம்பியைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். அவர் கம்பி பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கவேண்டும். சரியாகத் திருப்பினார்.

நான் அடித்தேன். கிணற்றில் அடிக்கும்போது கையில் ஒரு ஓட்டம் வந்துவிடும், மனசு எங்கேயாவது போய்விடும். அன்று அப்படி வரவில்லை. ஒவ்வொரு அடியும் பாறைக்குள் போய் அந்தக் குழியைத் தொடுவது போலவே இருந்தது. அடிக்கும் முன் மூச்சைப் பிடித்தேன், அடித்த பிறகு விட்டேன். சூடு ஏறாமல் இருக்கக் குழிக்குள் தண்ணீர் ஊற்றினோம், கரண்டியால் கல்மாவை வழித்தோம், மறுபடி அடித்தோம். மேற்கிலிருந்து அலை மோதும்போது பாறை முழுவதும் ஒரு அதிர்வு ஏறி வரும். அப்போது மட்டும் ஓவர்சியர் கையை உயர்த்துவார். நான் சம்மட்டியை நிறுத்துவேன். அதிர்வு அடங்கினதும் கையை இறக்குவார்.

பாதிக்குமேல் இறங்கியிருக்கும். கம்பி ஈரத்தில் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. ஓவர்சியரின் வலது கட்டைவிரல் கம்பிக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவர் முகம் வெளுத்தது. விரலை உருவி வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்தார். நான் சம்மட்டியைக் கீழே வைக்கப் போனேன். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடி என்று கண்ணால் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் சிவப்புத் துணியைப் பார்த்தேன். தோணியின் நடுவில் மச்சான் எழுந்து நின்று வீசிக்கொண்டிருந்தார். தோணி மேலே ஏறியபோது அவர் முழு உருவமும் தெரிந்தது, இறங்கியபோது துணி மட்டும் தெரிந்தது. ஓவர்சியரும் திரும்பிப் பார்த்தார்.

"செங்கோடா, இந்த ஆழம் போதுமா?"

குழியில் அளவுகோலை விட்டுப் பார்த்தேன். போதும் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்லமுடியாது. ஆழம் குறைந்தால் மேல்பாறை மட்டும் பெயர்ந்து போகும். அடியில் பழைய மருந்து அப்படியே இருக்கும். மேலே குழியின் வாய்கூட இருக்காது, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவும் தெரியாது.

"போதாதுங்க. இன்னும் ஒரு சாண் வேணுமுங்க" என்றேன்.

அவர் தோணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பியைப் பிடித்தார். நானும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்த ஒரு சாணை அடித்து முடிக்கும்வரை மச்சானின் குரல் காற்றில் வருவதும் போவதுமாக இருந்தது.

மருந்துத் தோட்டாவைக் குழியில் இறக்கி, மேலே புற்றுமண்ணை மரக்கோலால் மெதுவாக இடித்து நிரப்பினேன். திரியை நீளமாகவே விட்டேன். திரும்பிக் கீழே பார்த்தபோது ஏறிய படி தண்ணீருக்குள் போய்வந்துகொண்டிருந்தது. தோணி கிட்ட வர இனி வழியில்லை. கயிற்றை எறிந்தால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிக்கவேண்டியதுதான். அவர்கள் இழுத்துக்கொள்வார்கள். கயிறு ஒன்றுதான் இருந்தது.

ஓவர்சியர் என்னை முதலில் போகச் சொன்னார். திரியைத் தான் பற்றவைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். "நான் என்ன சொன்னேன், சொல்" என்றார்.

நான் திருப்பிச் சொல்லவில்லை. "உங்க கையைப் பாருங்க. நெருப்புக்குச்சி புடிக்க முடியுமுங்களா?" என்றேன்.

அவர் பார்த்தார். விரல் வீங்கிக் கறுத்து, மடக்க முடியாமல் இருந்தது. பிறகு நெருப்புப்பெட்டி இருந்த டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு ஏணியில் இறங்கினார். கயிறு பிடிக்க நானும் பின்னால் படிவரை இறங்கினேன். கயிறு மூன்றாவது வீச்சில்தான் படிக்கு எட்டியது. அவர் கட்டிக்கொண்டு குதித்ததும், தோணியில் அவரை இழுத்துப் போட்டதும், கயிறு திரும்பி வந்ததும் எனக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது. கயிற்றுமுனையை ஏணியின் அடியில் கட்டிவைத்துவிட்டு மறுபடி உச்சிக்கு ஏறினேன்.

முதல் குச்சி நனைந்து பிசுபிசுத்தது. இரண்டாவதைக் காற்று அணைத்தது. அடுத்ததை வேட்டிக்குள் மறைத்துக் கொளுத்தித் திரியில் வைத்தேன். சீறிக்கொண்டு பிடித்தது. மெதுவாக இறங்கவேண்டும், அவசரப்பட்டால் கால் தவறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். முக்கால்பங்கு இறங்கியபோது ஒரு பெரிய அலை ஏணியோடு என்னையும் பாறைமேல் அறைந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் உப்புத் தண்ணீர். ஏணியின் கயிற்றைப் பல்லாலும் கடித்துக்கொண்டு தொங்கினேன். தண்ணீர் இறங்கியபோது கீழே கட்டிவைத்த முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகிப் போயிருந்தது. நகத்தால் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. மேலே திரி எரிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு எரிந்திருக்கும் என்று எனக்குக் கணக்கு இல்லை. அரைஞாணில் கட்டியிருந்த கத்தியால் முடிச்சுக்கு மேலே ஏணிக்கயிற்றையே அறுத்தேன். அறுந்த துண்டோடு சேர்த்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குதித்தேன்.

கிணற்றில் நீந்தத் தெரியும். அன்று அது எதற்கும் உதவவில்லை. அவர்கள் தோணியைத் துடுப்பால் வலித்துக்கொண்டே என்னை இழுத்தார்கள். தலை ஒருமுறை வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. உள்ளே இருந்தபோதுதான் வெடித்தது. சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் யாரோ எட்டி உதைத்ததுபோல் இருந்தது. வெளியே வந்தேன். என்னைச் சுற்றித் தண்ணீரில் கற்கள் விழுந்துகொண்டிருந்தன. ஒரு கை என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியது. மச்சானின் கை. என்னைத் தோணிக்குள் போட்டுவிட்டு அவர் கயிற்றைக் கீழே விட்டார். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

ஓவர்சியர் முன்னால் சுருண்டு கிடந்தார். அடிபடாத கையை நீட்டி ஒரு விரலைக் காட்டினார். "எனக்கு ஒன்றுதான் கேட்டது. ஒன்றா, இரண்டா?" என்றார். நான் தண்ணீருக்குள் இருந்தேன், எனக்குத் தெரியாது. மச்சான் இரண்டு என்றார், ஒன்றையொட்டி ஒன்று கேட்டதாம். தண்டலுக்கு அலைச் சத்தம்தான் கேட்டது. இரண்டு குழியும் சேர்ந்தே வெடித்தால் ஒரே சத்தமாகவும் கேட்கலாம். புதுக்குழி மட்டும் வெடித்தாலும் ஒரே சத்தம்தான். பாறையின் உச்சியைத் தூவானம் மூடிவிட்டது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப்போய்ப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. பத்தேமாரி நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது.

ரயிலில் மச்சான் கைகளில் கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் சோற்றை உருட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பாலக்காட்டுக் கணவாய் தாண்டி நம்ம ஊர்க் காய்ந்த பூமி தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார். "இனிமேட்டுப் போனா ரெண்டு பேரும் போவோம். இல்லீனா ரெண்டு பேரும் போவண்டாம்" என்றார். சரிங்க மச்சான் என்றேன்.

ஊருக்கு வந்த வாரத்தில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மச்சானுக்குக் கை ஆறும்வரை அக்காவே ஊட்டிவிட்டாள். ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் புருஷன் என்று சிரித்துக்கொண்டே ஊட்டுவாள். எங்கள் வீட்டில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் குறைவு. எனக்குத்தான் அதில் சேரமுடியவில்லை. ஆடிக் காற்று எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வரும். ஓலையைத் தூக்கியடிக்கிற அந்தக் காற்று, வருகிற வழியில் அந்தப் பாறைமேல் மோதிவிட்டுத்தான் வருகிறது என்று நினைப்பேன். எடப்பாடிப் பக்கம் ஒரு கிணற்றில் வேலை கிடைத்தது. இரும்பு கல்லில் படும் சத்தம் கேட்கும் போதெல்லாம், உளியோடு பாறையில் ஏறுகிற முகம் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பேன். இதை அப்போது மச்சானிடம்கூடச் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்ததும் காண்டிராக்டரின் ஆள் வந்தார். ஓவர்சியர் உடனே கிளம்பச் சொல்கிறார், ஒருநாளும் தாமதிக்க வேண்டாம் என்றார். ஓவர்சியர் முன்கூட்டியே கரையோரத்துக் குப்பங்களுக்கெல்லாம் தண்டலோடு நடந்துபோய், தாங்கள் வரும்வரை யாரும் பாறைக்குப் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்றார்களாம். ஆனால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியாமல் கிடந்ததையும் அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

கடல் முழுவதும் அடங்கும் முன்பே போனோம். ஒத்தக்கல்லு கண்ணில் பட்டதும் நான் தேடியது பாறையை அல்ல, அதன் அடியில் தோணி எதுவும் நிற்கிறதா என்றுதான். ஒன்றும் இல்லை. கொத்தனார்கள் நாலு பேர் எங்களோடு வந்திருந்தார்கள். அவர்களைத் தோணியில் தூரத்தில் நிறுத்திவிட்டு, ஓவர்சியரும் நானும் ஏறுவதாக ஏற்பாடு. புது ஏணி கட்டி ஏறினோம். பாதி ஏறித் திரும்பிப் பார்த்தால் மச்சான் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். ஓவர்சியரும் பார்த்தார். போகச் சொல்லவில்லை.

மேற்கு ஓரம் பெயர்ந்து போயிருந்தது. உடைந்த பாறை முகத்தில் மண்ணும் பறவை எச்சமும் படிந்து வெள்ளையாக இருந்தது. ஒரு அடி வைத்தோம், பார்த்தோம், இன்னொரு அடி வைத்தோம். புதுக்குழி எங்கே இருந்தது என்பது முதலில் தெரிந்தது. மூங்கிலை நெடுக்கப் பிளந்ததுபோல் பாதிக் குழாய், கறுப்பாக. அங்கிருந்து ஒன்றரை முழம் நான் கையாலேயே அளந்தேன். எச்சம் காய்ந்து கெட்டியாக இருந்தது. இரும்பால் சுரண்டக்கூடாது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மரச்சில்லால் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தேன். பக்கத்தில் இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

என் குழி தெரிந்தது. அதுவும் பாதிக் குழாய்தான். சாய்வாக இறங்கி, அடிவரை கறுத்து, அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பாறை சுட்டு வெடித்த தடம். வேறொன்றும் இல்லை. மச்சான் விரலை விட்டு மேலிருந்து அடிவரை தடவினார். ஒருமுறை தடவி, மறுபடியும் தடவினார்.

"வெடி எறங்கிப் போயிருக்குதுங்க. அடி வரைக்கும் போயிருக்குது" என்றார்.

ஓவர்சியர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது கட்டைவிரல் நகமில்லாமல் கோணலாக ஆறியிருந்தது. தன்னைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாத மனிதர். அன்று பேசினார். மழைக்காலம் முழுவதும் வீட்டில் யாரும் கதவை வேகமாகச் சாத்தக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தாராம். ஏன் என்று மனைவி கேட்டதற்குத் தலைவலி என்றாராம். நான் அந்தக் காற்றைப்பற்றியும் உளியோடு வருகிற பெண்ணைப்பற்றியும் சொன்னேன். மச்சான் என்னையே பார்த்தார். தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

கொத்தனார்களை வரச்சொன்னோம். அன்றே மேடை வேலையை ஆரம்பித்தார்கள். மத்தியானம் அவர்கள் சோற்று மூட்டையைப் பிரித்தார்கள். உச்சியில் நிழல் விழுகிற இடம் அந்த உடைந்த ஓரம் ஒன்றுதான். வயதான கொத்தனார் அங்கே வந்து நின்றுகொண்டு, இங்கே உட்காரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கதை அவர் காதுக்கும் போயிருந்தது.

மச்சான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, துண்டால் அந்தப் பாறையைத் தட்டித் துடைத்தார். "உக்காருங்க" என்றார்.